நெமிலிக் கோழியின் பெண்வழி

என் மனைவி கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்தபோது அவளோடு ஒரு பித்தளை அண்டாவும் இரண்டு கோரைப்பாயும் ஒரு கோழியும் வந்தன. அண்டாவும் பாயும் மூட்டையோடு கிடந்தன. கோழி அவள் மடியில் உட்கார்ந்து வந்தது. அரக்கோணத்தில் ரயில் ஏறும்போது டிக்கெட் பார்க்கிறவர் கோழியைக் காட்டி, "இது இன்னாம்மா?" என்றார். "எங்கம்மா" என்றாள் அவள். 'எங்கம்மா குடுத்தது' என்று சொல்ல வந்தவள் பயத்தில் பாதியை விழுங்கிவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் கோழி விஷயத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அவள் பிறந்த நெமிலிப் பக்கத்தில் பெண்ணுக்குத் தாய்வீட்டிலிருந்து ஒரு பெட்டையைக் கொடுத்து அனுப்புவது அவர்கள் குடும்ப வழக்கம். அந்தப் பெட்டையை விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது. அதற்குப் பிறக்கும் சேவல்கள் சந்தைக்கோ சட்டிக்கோ போகலாம். பெட்டை மட்டும் வீட்டில் நிற்கும். அந்தப் பெட்டைக்கு ஒரு பெட்டை, அதற்கு ஒரு பெட்டை என்று போய், இவளுக்கு ஒரு மகள் பிறந்து கட்டிக்கொடுக்கும்போது அந்த வழியில் வந்த ஒன்றை அவள் மடியில் வைத்து அனுப்ப வேண்டும். என் மாமியாரிடம் இருந்த கோழிகள் அவர் தாய்வீட்டிலிருந்து அப்படி வந்தவைதாம். கல்யாணமான மறுவருஷமே மாமியார் காலமானார். மைத்துனர் கோழிகளையெல்லாம் விற்றுவிட்டுப் பட்டணம் போய்விட்டார். ஆக, அந்த வழியில் உலகத்தில் மிச்சமிருந்தது எங்கள் முற்றத்தில் மேய்ந்த அந்த ஒரு சாம்பல் பெட்டைதான். என் மனைவிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

நான் அப்போது உயர்தரப் பள்ளியில் கணக்கு வாத்தியார். காலேஜில் இரண்டு வருஷம் படித்து எஃப்.ஏ. தேறியவன். சயன்ஸ் வாத்தியார் லீவு போட்டால் சயன்ஸும் நடத்துவேன். தோல் பதனிடும் 'தோல் ஷாப்பு' ஒன்றுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். சுண்ணாம்புத் தொட்டியின் வாடையும் ஆவாரம்பட்டை ஊறும் வாடையும் புதிதாக வருகிறவர்களைத்தான் மூக்கைப் பிடிக்க வைக்கும். நெமிலிக் கோழி வந்த மூன்றாம் நாளே அந்த வாடையைத் தேடிக்கொண்டு போனது. தோலிலிருந்து சீவி எறிந்த சவ்வில் புழு நெளியும் இடம் அதற்கு விருந்து மண்டபம். சாயங்காலம் முழங்கால் வரைக்கும் சுண்ணாம்பு பூசிக்கொண்டு, வெள்ளைக் காலுறை போட்ட துரைசானி மாதிரி திரும்பி வரும்.

அதன் குணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது வேடிக்கை பார்க்கிற கோழி. ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டி போனால் பின்னாலேயே போகும். கல்யாண ஊர்வலம் போனாலும் போகும். ஒருமுறை ஒரு சாவு ஊர்வலத்தில் கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தது. நல்ல முட்டை இடும். ஆனால் அடைக்கு உட்காராது. உட்கார்ந்தால் இரண்டு நாள். மூன்றாம் நாள் தெருவில் ஏதாவது சத்தம் கேட்டால் முட்டைகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விடும்.

அடுத்த வீட்டில் ஒரு முஸ்லிம் அம்மாள் இருந்தார். கணவர் இறந்துவிட்டார். மகன் தோல் ஷாப்பில் வேலை. வரிசையில் எல்லோரும் அவரை 'பாயம்மா' என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கறுப்புக் கோழி எங்கள் கோழிக்கு நேர் எதிர். அதற்கு உட்காருவதுதான் உத்தியோகம். முட்டை மேல் உட்காரும். முட்டை இல்லாவிட்டால் வெங்காயத்தின் மேல் உட்காரும். ஒருமுறை பாயம்மா வீட்டு வெற்றிலை இடிக்கும் உரலின் மேல் உட்கார்ந்துகொண்டு, எடுக்கப் போனவரைக் கொத்தியது. "உரல் குஞ்சு பொரிச்சா உனக்கு ஒண்ணு தர்றேன்" என்று பாயம்மா என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இட மட்டும் தெரிந்த கோழி ஒரு வீட்டில், உட்கார மட்டும் தெரிந்த கோழி அடுத்த வீட்டில். வரிசையில் இதற்கு ஒரு ஏற்பாடு முன்பே இருந்தது. முட்டை ஒருவருடையது, அடை ஒருவருடையது என்றால் குஞ்சு ஆளுக்குப் பாதி. பிரிப்பதை மட்டும் கொண்டை தெரிவதற்கு முன்னால் செய்துவிட வேண்டும். எது சேவல், எது பெட்டை என்று யாருக்கும் தெரியாத வயசில், மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ள வேண்டியது. தெரியாமல் பிரிப்பதால் சண்டை வராது. பிரித்த பிறகு கொண்டை முளைத்து எது எப்படி ஆனாலும், மாற்றிக் கொடு என்று கேட்கக் கூடாது. கேட்டால் வரிசையே சிரிக்கும்.

முதல் இரண்டு ஈட்டில், அதாவது அடை வைத்த முதல் இரண்டு தடவையில், எங்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை. முதல் ஈட்டில் எங்கள் பங்குக்கு இரண்டு பெட்டை வந்தன. பாயம்மா பங்கோடு சேர்த்து இரண்டையும் கீரி கொண்டுபோனது. அடுத்ததில் எல்லாம் சேவல். அதற்குள் நெமிலிக் கோழிக்கு வயசாகிவிட்டது. முட்டை கம்மியாகிக்கொண்டே வந்தது. மூன்றாவதாக ஒரு ஈடு கிடைத்தது. இதற்கு மேல் இடாது என்று என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. அவள் அந்த முட்டைகளைத் தவிட்டில் புதைத்து வைத்து, கையாலேயே பாயம்மாவின் கறுப்பியின் அடியில் ஒவ்வொன்றாக வைத்தாள். கறுப்பி கொத்தியது. அவள் கையை எடுக்கவில்லை.

ஆறு குஞ்சுகள் தேறின. எல்லாம் சாம்பல்.

குஞ்சிலேயே சேவல், பெட்டை கண்டுபிடிக்கும் வித்தை வரிசையில் ஆளுக்கு ஒன்று இருந்தது. பாயம்மாவுடையது ஊசி. நூலில் கோத்த ஊசியைக் குஞ்சின் தலைக்கு மேல் தொங்கவிட்டால், வட்டமாகச் சுற்றினால் பெட்டை, நேராக ஆடினால் சேவல். கோடி வீட்டுக்காரர் குஞ்சின் முன்னால் தொப்பியைப் போட்டுப் பார்ப்பார். ஓடினால் பெட்டை, நின்று முறைத்தால் சேவல். என் மனைவிக்கு வித்தையில் நம்பிக்கை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததை எடுப்பது என்று முடிவு செய்திருந்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பள்ளி அலமாரியில் ஒரு இங்கிலீஷ் பண்ணைப் புஸ்தகம் இருந்தது. அதில் ஒரு பக்கம் படித்திருந்தேன். குஞ்சைக் கழுத்தின் பின்தோலைப் பிடித்துத் தூக்க வேண்டும். காலை மடக்கிக்கொண்டால் பெட்டை, தொங்கவிட்டால் சேவல். அச்சில் இருந்ததால் நம்பினேன். அதற்கு அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேனா என்றால் இல்லை.

பிரிக்கும் நாள் பாயம்மா வீட்டு முற்றத்தில் வரிசைப் பெண்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். பாயம்மா ஊசியோடு உட்கார்ந்திருந்தார். என் மனைவி கண்ணை மூடத் தயாராக இருந்தாள். நான் உள்ளே போய், "நீ நகரு, நான் எடுக்கறேன்" என்றேன்.

"உங்களுக்கு இன்னாங்க தெரியும்?" என்றாள் மெதுவாக.

"இது சயன்ஸ்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அதோடு நிறுத்தவில்லை. ஊசி ஆடுவது குஞ்சால் அல்ல, பிடித்திருக்கிற கையின் நடுக்கத்தால் என்று விளக்கினேன். "பாயம்மா, நீங்க டீ குடிச்சிட்டு ஊசியைப் புடிங்க, எல்லாம் பெட்டையாயிடும்" என்றேன். பெண்கள் சிரித்தார்கள். பாயம்மாவும் சிரித்தார். ஆனால் ஊசியை மடியில் இறக்கி வைத்துவிட்டார். எனக்கு அது அப்போது வெற்றியாகத் தெரிந்தது.

"சரி வாத்தியாரே, நீ படிச்ச மாதிரி எடு. நான் என் நடுக்கத்தோட எடுக்கறேன்" என்றார்.

நான் ஒவ்வொரு குஞ்சாகத் தூக்கி, காலைப் பார்த்து, மூன்றைத் தேர்ந்தெடுத்தேன். மூன்றும் அழகாகக் காலை மடக்கிக்கொண்டன. மீதி மூன்றும் பாயம்மாவுக்கு.

சில வாரங்களில் எங்கள் மூன்றுக்கும் கொண்டை சிவந்தது. ஒன்று ஒரு விடியலில் எங்கள் அடுப்பங்கரை வாசலில் நின்று, தொண்டையில் மீன்முள் சிக்கியது மாதிரி ஒரு சத்தம் எழுப்பியது. முதல் கூவல். என் மனைவி அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டாள்.

மூன்றும் சேவல். பாயம்மாவின் மூன்றும் பெட்டை. ஆறு காசைச் சுண்டினால் அப்படியும் விழும் என்று இன்று எனக்குத் தெரியும். பாயம்மாவின் ஊசிக்கும் ஒன்றும் தெரியாது. வேறொரு வீட்டு முட்டையை அடை வைத்த அடுத்த ஈட்டில் அது அவருக்கு நாலு சேவலைப் பொறுக்கிக் கொடுத்தது. அன்று அவர் அந்த ஊசியை உருதுவில் திட்டிய திட்டு கிணற்றடி வரைக்கும் கேட்டது. ஆனால் அதெல்லாம் பிறகு.

என் மனைவி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "சயன்ஸ் பேசினவரு நீங்கதானே. நீங்களே போய்க் கேளுங்க. வரிசை சிரிச்சா சிரிக்கட்டும். ஒரே ஒரு பெட்டை. இல்லேன்னா எங்கம்மா வீட்டுது இதோட முடிஞ்சுபோச்சு" என்றாள்.

ஒரு சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனேன். வாயைத் திறப்பதற்கு முன்னால் பாயம்மாவே ஆரம்பித்துவிட்டார்.

"அரே வாத்தியாரே! பாத்தியா? மூணும் பெட்டை! ஒண்ணை இன்னிக்குக் காலைல எங்க அக்கா வீட்டுக்கு வாணியம்பாடிக்கு அனுப்பிட்டேன். அக்காகிட்டச் சொல்லச் சொன்னேன், இது எஃப்.ஏ. பாஸ் பண்ண கோழின்னு." சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கேலிதான், வேறொன்றும் இல்லை. அப்புறம் என் அக்குளைப் பார்த்து, "அது இன்னா, எங்க எடுத்துக்கினு போற?" என்றார்.

"சந்தைக்கு" என்றேன்.

சொன்ன பிறகு போகத்தானே வேண்டும்? போனேன். சந்தையில் அதே வயசில், அதே சாம்பலில் ஒரு பெட்டை இருந்தது. விற்கிறவள் என் சேவலை வாங்கிக்கொண்டு பெட்டையைத் தந்தாள். நெமிலி ரத்தம் அவள் கூடைக்குள் போனது. எந்த ஊர் ரத்தமோ என் அக்குளுக்கு வந்தது.

"குடுத்தாங்களா?" என்று என் மனைவி ஓடி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். "குடுத்தாங்க" என்றேன்.

ஒரு பொய்க்குத் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. "வெளியில சொல்லாதேன்னாங்க. வழக்கத்தை மீறினாங்கன்னு பேச்சு வரும். நீயும் அவங்ககிட்ட இதைப் பத்தி எடுக்காதே."

"நம்ம சேவலை அங்க காணோமே?" என்று இரண்டு நாள் கழித்துக் கேட்டாள்.

"அன்னிக்கே கொழம்பு வெச்சுட்டாங்க."

பாயம்மா முற்றத்தில் இரண்டு பெட்டைதான் மேய்ந்தன; மூன்றாவது வாணியம்பாடி போனது அவளுக்குத் தெரியாது. கணக்குச் சரியாக இருந்தது. நான் கணக்கு வாத்தியார் அல்லவா.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் வேறு மாதிரி இருக்கிறது. சந்தைக் கோழி வெகு சீக்கிரம் ராணியாகிவிட்டது. யார் கையிலும் வராது, யாரையும் நம்பாது. "அப்படியே எங்கம்மா" என்றாள் என் மனைவி. "எங்கம்மாவும் அளந்து பாக்காம அரிசிக்காரனை விடாது." தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தால், அதுவும் நெமிலிப் பார்வை. கிழட்டு நெமிலிக் கோழி அதை விடாமல் கொத்தியது. "தாய்க்கு மகள்மேல பொறாமை" என்று அதற்கும் ஒரு விளக்கம். கிழக் கோழி யாரையும் அடையாளம் தெரிந்து கொத்தவில்லை. பாரபட்சம் இல்லாமல் எல்லாவற்றையும் கொத்தியது. என்னையும்.

பாயம்மாவின் இரண்டு பெட்டைகள் சுவரேறிக் குதித்து எங்கள் முற்றத்துக்கு வந்துகொண்டே இருந்தன. ஒன்று வண்டிச் சத்தம் கேட்டால் தீனியை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடும். தெருவில் எது போனாலும் அதற்குப் பார்க்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். என் மனைவி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, "திருட்டுக் கழுதைங்களா, உங்க வூட்டுல தீனி இல்லியா?" என்று விரட்டுவாள். ஒருமுறை வீசியதில் ஒன்றுக்குச் சிறகு இரண்டு உதிர்ந்தது. "விடேன், பாவம்" என்றேன். "இன்னா பாவம்? நம்ம வூட்டுதைப் பாருங்க, அதைப் பாருங்க. நம்ம வளப்பு எங்க, இது எங்க!" என்றாள்.

எங்கள் மிச்ச இரண்டு சேவல்களையும் அவள் சீக்கிரமே சட்டிக்கு அனுப்பினாள். அவை வளர்ந்தால் கூடப்பிறந்த பெட்டையோடு சேரும், அது ஆகாது என்று. கூடப்பிறந்ததாம். அந்தச் சேவல்களை வைத்திருந்தால் பாதி ரத்தமாவது வீட்டில் நின்றிருக்கும். குழம்பு நன்றாக இருந்தது. நான் இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆடியில் கழிச்சல் நோய் வந்து வரிசையில் பாதிக் கோழிகள் போயின. கிழ நெமிலிக் கோழியும் போனது. என் மனைவி அதைக் கிணற்றுக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு வந்து, "பரவால்ல, பொண்ணு இருக்கு" என்று சொல்லிக்கொண்டாள். பாயம்மாவின் இரண்டும் தப்பித்தன. பிழைத்த பிறகு அவை அடையும் உட்கார்ந்தன என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கறுப்பியிடம் வளர்ந்ததில் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டதோ என்னவோ.

பிறகு பாயம்மாவின் மகனுக்கு ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் மேஸ்திரி வேலை கிடைத்தது. வண்டியில் சாமான் ஏற்றும்போது அவர் கோழிக்கூடையோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அம்மாடி, உங்க கோழி போட்ட முட்டைதானே. எங்க போனாலும் உன் ஞாபகம் வரும். ஒண்ணை வெச்சுக்கோ" என்று ஒரு சாம்பல் பெட்டையை எடுத்து நீட்டினார்.

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் பாயம்மா. நீங்க குடுத்ததே போதும். அதை நான் மறக்க மாட்டேன்."

"நான் இன்னா குடுத்தேன்?"

"சொல்லக் கூடாதுன்னாரு. நான் சொல்லல."

"யாரு? எதை?"

"வண்டி நிக்குது பாயம்மா!" என்று நான் கத்தினேன். "ரயிலு போய்டும்!" ரயிலுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. பாயம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பொய் சொன்ன நாளைக்கூட என்னால் மன்னித்துக்கொள்ள முடிகிறது. அன்று அவமானத்தில் இருந்தேன். இந்த நாளுக்கு அந்தச் சாக்கு இல்லை. அவள் கேட்டது அவள் கைக்கு நேராக நீட்டப்பட்டது. நான் பேச வேண்டியது ஒரு வாக்கியம்தான். பேசாமல் வண்டியைக் கிளப்பினேன்.

சந்தைக் கோழியின் வம்சம் நன்றாகப் பெருகியது. எங்கள் மகளும் வளர்ந்தாள். காவேரிப்பாக்கத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். வண்டி ஏறும்போது என் மனைவி ஒரு சாம்பல் பெட்டையை அவள் மடியில் வைத்து, "இது உங்க ஆயா, எங்கம்மா வீட்டுது. ஆயாவுக்கு அவங்க அம்மா குடுத்தது. அறுத்துடாதே, வித்துடாதே. உன் பொண்ணுக்குக் குடு" என்றாள். மகள் அழுதாள். மாப்பிள்ளை வீட்டாரும் கண் கலங்கினார்கள். கோழி மட்டும்தான் சாதாரணமாக இருந்தது.

மறுவாரம் நான் ராணிப்பேட்டைக்குப் போனேன். பாயம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. முற்றத்தில் சாம்பல் கோழிகள். வாசலில் ஒரு ஜட்கா போனதும் அவற்றில் ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கோழி தெருவைப் பார்த்து ஓடுவதற்கு யாரும் அழுதிருக்க மாட்டார்கள்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியைக் கேலி செய்ததிலிருந்து 'ரயிலு போய்டும்' என்று கத்தியது வரைக்கும்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அட பாவி. கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே. எனக்குக் கோழி பஞ்சமா? உன் வாய் ஜாஸ்தின்னு நெனச்சேன் வாத்தியாரே. வேணுங்கற நேரத்துல இவ்ளோ கம்மியா?" என்றார். பிறகு எழுந்து போய், தெருவுக்கு ஓடிய அதே பெட்டையைப் பிடித்துக் காலைக் கட்டி என் கையில் தந்தார். "இதைக் குடுத்துட்டு அவகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கோ."

வீட்டுக்கு வந்து கோழியை இறக்கி வைத்தேன். "சந்தைக் கோழி எதுக்கு இப்போ?" என்றாள் என் மனைவி. நின்றபடியே சொன்னேன். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ நான் தொடப்பத்தால அடிச்சது?"

அவள் கோழியின் காலில் இருந்த கட்டை அவிழ்த்தாள். அது நன்றி இல்லாமல் அவள் விரலைக் கொத்திவிட்டு வாசலைப் பார்த்து ஓடியது.

அதற்குப் பிறகு சில நாள் கோழி வழியாகத்தான் பேச்சு. "ஏய், சோறு போட்டாச்சுன்னு சொல்லு." "ஏய், எண்ணெய் தீந்துபோச்சாம், வாங்கியாரச் சொல்லு. அதையாவது கடையில கேக்க வாய் வருமா பாக்கலாம்." நானும் கோழியைப் பார்த்தே பதில் சொல்வேன். அது இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்க்கும்.

இரண்டு மாசம் கழித்து ஒரு நாள், "கெளம்புங்க, மாத்திட்டு வந்துடலாம்" என்றாள். கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு காவேரிப்பாக்கம் போனோம்.

மகள் வீட்டு முற்றத்தில் சந்தைக் கோழி குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. மகளின் மாமியார் அதற்கு நொய் போட்டுக்கொண்டே, "உங்கம்மா வீட்டுக் கோழியாமே, பொண்ணு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கா" என்றார். மகள் கூடையைத் திறந்து பார்த்தாள். "இதை வெச்சுக்கோ, அதைக் குடு" என்று என் மனைவி சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா நீ? ஆயா வீட்டுக் கோழியைக் குடுத்துட்டு எதோ ராணிப்பேட்டைக் கோழியை வெச்சுக்கறதா? நீதானே விக்காதேன்ன?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து கூடையை மூடினேன். மகளின் மாமியார் நொய்க் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். புது சம்பந்தி வீட்டில், அப்பன் பொய் சொன்னவன் என்று மகளுக்குச் சொல்ல என் மனைவிக்கு மனம் வரவில்லை.

"சும்மா கேட்டேண்டி. அதுவே இருக்கட்டும்" என்றாள்.

ஏரிக்கரையோடு வண்டி திரும்பி வரும்போதும் அவள் என்னைத் திட்டவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதுவரைக்கும் அது என் பொய்யாக இருந்தது. அன்றிலிருந்து அவளும் அதைச் சுமந்தாள். தான் சொல்லாத பொய்யை, எனக்காக. ராணிப்பேட்டைக் கோழியின் பெண்களை எங்கள் வீட்டில் கண்ணாக வளர்த்தாள். மகள் வரும்போதெல்லாம், "எதுக்கும்மா இதுங்க? நான் ஆயா வூட்டுதுல ஒண்ணு தர்றேன்" என்பாள். "இருக்கட்டும்டி" என்பதோடு என் மனைவி முடித்துக்கொள்வாள்.

என் மனைவி போன வருஷம் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து, என்னைத் தன்னோடு அழைத்துப் போவதற்காக மகள் வந்து எங்கள் வீட்டைக் காலி செய்தாள். அண்டாவை எடுத்து வைத்தாள். கோழிகளை, வாங்க வந்த கூடைக்காரரிடம் விலை பேசினாள். இருந்தது மூன்று பெட்டை. அவர் இரண்டின் காலைக் கட்டி முடித்து மூன்றாவதைப் பிடிக்கப் போனார்.

"அதை விக்காதே" என்றேன். "மூணையும் விக்காதே."

"ஏன் நைனா? எங்க வூட்லதான் ஆயாவோடது இருக்குதே."

"இல்ல. அது நான் சந்தையில வாங்கினது."

கூடைக்காரர், வண்டிக்காரர், அடுத்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே முழுதும் சொன்னேன். மகள் கேட்டு முடித்து, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "அப்போ அன்னிக்குக் கூடையோட வந்தது..." என்று ஆரம்பித்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதது கோழிக்காக அல்ல.

இப்போது காவேரிப்பாக்கத்தில் இரண்டு வம்சமும் ஒரே முற்றத்தில் மேய்கின்றன. சந்தைக் கோழியையும் அவள் விற்கவில்லை. அம்மா கையால் மடியில் வைத்தது என்கிறாள். அதுவும் சரிதான். என்னோடு பேசுகிறாள். ஆனால் ஒரு தண்டனை வைத்திருக்கிறாள். இந்தக் கோழிகளின் பேர் தெருவில் பரவி, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர்கள் ஒரு குஞ்சு கேட்டு வருகிறார்கள். வந்தவர்களை அவள் என் கட்டிலண்டை அனுப்பிவிடுகிறாள்.

"எது எந்த வழின்னு எங்க நைனாவைக் கேளுங்க. அவருக்குத்தான் தெரியும். முழுசாச் சொல்லுவாரு, உக்காந்து கேளுங்க."

உட்கார்ந்து கேட்கிறார்கள். நானும் ஒன்று விடாமல் சொல்கிறேன். குழம்பை இரண்டாம் முறை போட்டுக்கொண்டது உட்பட. சிலர் சிரிக்கிறார்கள். சில பெண்கள் சிரிப்பதில்லை, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குஞ்சை முந்தானையில் சுற்றிக்கொண்டு எழுந்து போகிறார்கள். நேற்று வந்த ஒருத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க ஐயா, இது சேவலா பெட்டையா, அதைச் சொல்லுங்க" என்றாள்.

"தெரியாதும்மா" என்றேன்.